ரோடு மூவி: எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு நூலக மாடியில் மாதம் ஒரு படம் போடுகிறோம். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வீட்டில் தமிழ், வேலை இடத்தில் மலையாளம். லாரி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், கள் வண்டியில் போனவர்கள் இருக்கிறார்கள், பொள்ளாச்சிச் சந்தைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே ஆயுசைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். போன ஆறு மாதமும் ரோடு மூவிகளாகவே போட்டோம். படம் முடிந்து டீ குடிக்கும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. எங்கள் கூட்டத்திலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.

ரோடு மூவி என்றால் வண்டியில் போகிற படம்தானே?

வண்டி ஓடினால் மட்டும் போதாது. நான் பார்க்கிற கணக்கு ஒன்றுதான்: படத்திலிருந்து வழியை எடுத்துவிட்டால் கதை மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அது ரோடு மூவி இல்லை. வில்லனைத் துரத்திக்கொண்டு பத்து ஊர் போகிற படத்தை ஒரே தெருவிலும் எடுத்துவிடலாம். ரோடு மூவியில் அது நடக்காது. வழியில் ஏறிக்கொண்ட ஆள், டயர் வெடித்து நின்ற இடம், ராத்தங்கிய வீடு, இதெல்லாம்தான் கதை. எங்கே போகக் கிளம்பினார்களோ அந்த இடம் போகப்போக முக்கியம் இல்லாமல் ஆகிவிடும். சில படங்களில் போய்ச் சேரவே மாட்டார்கள்.

தமிழில் இதற்கு என்ன பெயர்?

சாலைப் படம், பயணப் படம் என்று எழுதுகிறார்கள். சாலைப் படம் என்றால் நெடுஞ்சாலைத் துறை எடுத்த செய்திப்படம் மாதிரிக் காதில் விழுகிறது. ரோடு மூவி என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

ரயில், பஸ், நடை எல்லாம் கணக்கில் வருமா?

பஸ்ஸும் நடையும் தாராளமாக வரும். ரயிலில் மட்டும் எனக்குச் சின்னத் தயக்கம். தண்டவாளம் போட்டவர் வழியை முன்பே முடிவு செய்துவிட்டார்; ரயிலில் போகிறவர் வழி தவற முடியாது. வழி தவற முடியாத பயணத்தில் பாதி ருசி போய்விடுகிறது.

இந்த வகை எங்கே, எப்போது தொடங்கியது?

அமெரிக்காவில். ஒரு வருஷத்தைக் குறிப்பிட்டு இதுதான் தொடக்கம் என்று சொல்வது கஷ்டம். 1934ல் ஃபிராங்க் காப்ரா எடுத்த ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ படத்தில் பணக்கார வீட்டுப் பெண் அப்பாவிடமிருந்து தப்பி, மயாமியிலிருந்து நியூயார்க்குக்கு ராத்திரி பஸ் ஏறுகிறாள். பக்கத்து சீட்டில் வேலை போன பத்திரிகைக்காரர். மீதிக் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அத்தனை மொழிகளில் அதை எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். இந்தியிலேயே ‘சோரி சோரி’ (1956), ‘தில் ஹை கே மான்தா நஹீன்’ (1991) என்று இரண்டு உண்டு.

எங்கள் ஆட்களைப் பிடித்து உட்கார வைத்தது அதைவிட 1940ல் ஜான் ஃபோர்டு எடுத்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. நிலம் பறிபோன ஒரு குத்தகை விவசாயக் குடும்பம் ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஓட்டை லாரியில் போகிறது. சட்டி பானை, மெத்தை, பாட்டி, பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரே வண்டியில். கலிஃபோர்னியாவுக்குள் ஒரு சோதனைச் சாவடி வருகிறது. சாமான்களை இறக்கிக் காட்டச் சொல்கிறார்கள். பாட்டிக்கு ரொம்ப முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்று அம்மா கெஞ்சுகிறாள். விட்டுவிடுகிறார்கள். எல்லை தாண்டியபிறகுதான் தெரிகிறது, பாட்டி ஏற்கெனவே செத்துப்போயிருந்தாள். அந்த இடத்தில் எங்கள் மாடியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. 2020 ஊரடங்கில் பாஸ் இல்லாமல் வாளையார் எல்லைச் சாவடியில் வெயிலில் நின்றவர்களைப் பார்த்த ஊர் இது. எண்பது வருஷத்துக்கு முந்தைய படம் யாருக்கும் பழசாகப் படவில்லை.

ஏன் குறிப்பாக அமெரிக்காவில்?

ரோடு போட்டார்கள், கார் விற்றார்கள். சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா போகும் ரூட் 66 உருவானது 1926ல். 1956ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டம் வந்தது. அடுத்த வருஷமே ஜாக் கெரவாக்கின் ‘ஆன் தி ரோடு’ நாவல். வேலை, வீடு, தவணை என்று அமைதியாக இருந்த வாழ்க்கையை உதறிவிட்டுப் போகத் துடித்த தலைமுறைக்கு அது கையேடு ஆனது. அதற்கு முன்பே வெஸ்டர்ன் படங்கள், குதிரையேறி மேற்கே போகிறவன்தான் ஆம்பிளை என்று சொல்லி வைத்திருந்தன. குதிரைக்குப் பதில் மோட்டார் சைக்கிள் வந்தது.

1967ல் ‘பானி அண்ட் க்ளைட்’, 1969ல் ‘ஈஸி ரைடர்’. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. ஹாலிவுட்டின் பழைய தணிக்கை விதியும் 1968ல் போய்விட்டது. ‘ஈஸி ரைடர்’ படத்தில் இரண்டு பேர் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் பைக்கில் போகிறார்கள். தலைமுடி நீளமாக இருக்கிறதே என்பதற்காகவே ஊர்க்காரர்கள் அவர்களை வெறுக்கிறார்கள். கிழக்கே போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வெஸ்டர்ன் போன திசைக்கு நேர் எதிர். முடிவைச் சொல்லமாட்டேன்; நல்ல முடிவு இல்லை.

சாலை எல்லாருக்கும் சுதந்திரமா?

அமெரிக்காவிலேயே இல்லை. கறுப்பினத்தவர் காரில் போனால் எந்த ஓட்டலில் தங்கவிடுவார்கள், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்று பட்டியலிட்டு விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936லிருந்து ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். முப்பது வருஷம் அதற்குத் தேவை இருந்தது. பெண்கள் ஸ்டீயரிங் பிடித்து வீட்டை விட்டுக் கிளம்புவது பெரிய படமாக வர 1991 ஆனது: ‘தெல்மா அண்ட் லூயிஸ்’. அதன் திரைக்கதைக்கு கேலி கூரி ஆஸ்கார் வாங்கினார். அதை நாங்கள் போட்ட அன்று, முதல் தடவையாக ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் வந்தார்கள். படம் முடிந்ததும் ஒரு டீச்சரம்மா கேட்டார்: “நாம ரெண்டு பேரு சேந்து திருச்சூர் வரைக்கும் போகணும்னாலே எத்தனை பேருகிட்டச் சொல்லணும்?”

அப்படியானால் இது முழுக்க வெளிநாட்டுச் சரக்குதானா? நமக்கு வேர் இல்லையா?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. ஒரு வள்ளலைப் பார்த்துப் பரிசு வாங்கி வருகிற கலைஞர், பசியோடு எதிரே வரும் இன்னொரு கலைஞரிடம் “இப்படிப் போ, இன்னாரைப் பார்” என்று வழி சொல்வது. திருமுருகாற்றுப்படையில் மட்டும் அனுப்புகிற இடம் முருகன். ஆற்றுப்படுத்துவது என்றாலே வழிப்படுத்துவது. எல்லாவற்றிலும் மலைபடுகடாம் எனக்கு ஒரு படி மேல். நன்னன் என்ற குறுநில மன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு மலைவழியின் ஆபத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது: பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் எப்படிப் பறந்து வரும், எந்தப் பாறை வழுக்கும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும். நடுவில் ஒரு சின்னக் குறிப்பு: வழிகள் பிரிகிற இடத்தில் தரையைத் துடைத்துவிட்டு, புல்லை முடிந்து வையுங்கள், பின்னால் வருகிற புதியவர்களுக்கு அடையாளம் தெரியும். இந்த ஒரு காட்சிக்காகவே அதை நான் உலகத்தின் முதல் ரோடு மூவித் திரைக்கதை என்பேன். அளந்துதான் பேசுகிறேனா என்றால் இல்லை. ஆனாலும் சொல்வேன்.

அடுத்தது பாலை. ஐந்து திணைகளில் பிரிவுக்கு உரிய இடம். காதலனோடு கிளம்பிப்போன மகளைத் தேடி வெயிலில் ஓடிவருகிறாள் செவிலித்தாய். எதிரே குடையும் உறியில் கமண்டலமுமாக அந்தணர்கள் வருகிறார்கள். “என் மகளும் ஒருத்தி மகனும் போனதைப் பார்த்தீர்களா?” என்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள், சொல்லிவிட்டு, சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசுகிறவருக்கு அல்லாமல் மலைக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். கலித்தொகையில் ஒன்பதாம் பாட்டு. ஓடிப்போன ஜோடி, தேடிவரும் அம்மா, வழிப்போக்கரிடம் விசாரணை. இதை எத்தனை சினிமாவில் பார்த்திருக்கிறோம்!

சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்கு மூன்று பேர் நடக்கிறார்கள்: கண்ணகி, கோவலன், கவுந்தியடிகள். காடுகாண் காதையில் ஒரு மறையோன் மதுரைக்கு மூன்று வழி சொல்கிறான். வலது வழி, இடது வழி, நடுவழி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு தொல்லை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் அதுதான் பாலை என்ற வரியும் அதே காதையில்தான் இருக்கிறது. மதுரை எரிந்தபின் கண்ணகி ஒற்றையாக மேற்கே நடந்து சேர நாட்டு மலைக்கு வருகிறாள். குமுளிக்கு மேலே எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோயிலைக் கண்ணகி கோயில் என்கிறோம். வருஷத்தில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்குத் திறக்கிறார்கள். குமுளிப் பக்கமிருந்து ஜீப் மேலே போகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டு வழியில் நடக்க வேண்டும். கண்ணகி நடந்த பக்கத்துக்காரர்கள் இன்னும் நடந்துதான் போகிறோம்!

இதில் நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான். அமெரிக்க ரோடு மூவியில் வீட்டை உதறத் துடிக்கிறவர் கிளம்புகிறார். நம் பாட்டுகளில் பெரும்பாலும் வேறு வழி இல்லாதவர்தான் கிளம்புகிறார்: பசித்த பாணர், பொருள் தேடும் கணவன், ஊர் ஒப்பாத காதல் ஜோடி. வீடு அவர்கள் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.

லாரி ஓட்டினவர்கள் இந்தப் படங்களைப் பார்த்து என்ன சொல்கிறார்கள்?

எங்கள் சித்தப்பா நாமக்கல்லிலிருந்து கொச்சிக்கு முட்டை லோடு ஓட்டியவர். வீட்டில் அவரைப் பற்றிக் கேட்டால் “லைனுக்குப் போயிருக்காரு” என்பதுதான் எப்போதும் பதில். ‘ஈஸி ரைடர்’ பார்த்துவிட்டு அவர் சொன்னது: “ஏண்டா, இவனுக வழியில வேலைவெட்டிக்கே போகாம எப்படிறா சோறு திங்கறானுக?” முதல் பத்து நிமிஷத்தில் பணத்துக்கு வழி காட்டிவிட்டார்கள் என்று விளக்கினேன். ஒப்புக்கொள்ளவில்லை.

அவருக்குச் சாலை என்பது ஓடுவதைவிட நிற்பது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச் சாவடிகளை எடுப்பதற்கு முன்பு, எல்லைச் சாவடிகளில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் கிடக்கும். சில நாள் ராத்திரி போய் விடிந்துவிடும். ஒரு தடவை பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போயிருந்தேன். சாவடியின் பெயர் வேண்டாம். பேப்பரில் ஒரு சீல் தெளிவாக இல்லை என்று ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். கிளீனர் அண்ணன் லாரியின் நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, காற்று அடிக்காமல் இருக்க ஸ்டெப்னி டயரை மறைப்பாக நிறுத்தினார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியுமே, நெருப்பைத் தின்றுவிடும். ரசமும் உடைந்த முட்டையில் பொரியலும். முன்னால் நின்ற லாரிக்காரர் பஞ்சாபி. ரொட்டி கொடுத்து முட்டை வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை புரியாமல் இரண்டு பேரும் அரைமணி நேரம் சிரித்தார்கள். நான் பார்த்த ரோடு மூவிகளில் அது நல்ல ஒன்று. வண்டி ஓர் அடி நகரவில்லை.

வண்டி நகராவிட்டாலும் ரோடு மூவியா? அப்போது ‘நண்பகல் நேரத்து மயக்கம்’?

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 2022 படம். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிக் கூட்டத்தின் பஸ் ஒரு தமிழ்க் கிராமத்து ஓரத்தில் நிற்கிறது. ஜேம்ஸாக வரும் மம்மூட்டி இறங்குகிறார், வயல் வழியே நடக்கிறார், காணாமல் போன சுந்தரத்தின் வீட்டுக்குள் சொந்த வீடு மாதிரி நுழைகிறார், கைலியை எடுத்துக் கட்டுகிறார், தமிழ் பேசுகிறார். பழனிப் பக்கத்து மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்தது. படம் முழுக்கப் பின்னால் பழைய தமிழ்ப் பாட்டும் சினிமா வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பஸ் நின்றபிறகுதான் பயணமே தொடங்குகிறது என்பதால் இதையும் ரோடு மூவியில்தான் சேர்ப்பேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பேய்க்கதையாகவோ புதிராகவோ படவில்லை. ஒரு பெரியவர் சொன்னார்: “இதுல என்ன அதிசயம்? நான் தினமும் காலைல ஒன்பது மணிக்கு ஜேம்ஸ், சாயந்திரம் சுந்தரம்.”

வேறு மலையாளப் படங்கள்?

பைக் பிடித்தவர்களுக்கு ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’ (2013): கேரளத்திலிருந்து நாகாலாந்து வரை. அழகான படம், கொஞ்சம் டூரிஸ்ட் வாடை. ஜான் ஆபிரகாமின் ‘அம்ம அறியான்’ (1986) வேறு ரகம். செத்துப்போன நண்பனின் அம்மாவிடம் சேதி சொல்ல ஓர் இளைஞன் வயநாட்டிலிருந்து கொச்சிக்குக் கிளம்புகிறான். வழியில் நண்பனைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து கூட்டமாகிறார்கள். படத்துக்குப் பணமும் அப்படித்தான் சேர்ந்தது: ஒடேசா என்ற குழு ஊர் ஊராகப் போய் மக்களிடம் வசூலித்தது. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எடுத்தவரும் இவர்தான்.

தமிழில்?

‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ (1966) ஒரு பஸ் முழுக்கக் காமெடி. இந்தியில் ‘பாம்பே டு கோவா’ (1972) ஆனது. ‘அன்பே சிவம்’ (2003) எல்லாருக்கும் தெரியும்: வெள்ளத்தில் மாட்டிய இரண்டு பேர் புவனேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு. 2010ல் மட்டும் ‘பையா’, ‘நந்தலாலா’ என்று இரண்டு துருவம். முன்னதில் கார் பளபளப்பாக இருக்கும், பின்னதில் அம்மாவைத் தேடும் இரண்டு பேர் இருப்பார்கள்.

என் ஓட்டு பி. எஸ். வினோத்ராஜுக்கு. ‘கூழாங்கல்’ 2021ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. குடிகார அப்பா, பள்ளிக்கூடப் பையன். பையன் பஸ் காசைக் கிழித்துவிடுகிறான், இருவரும் கொளுத்தும் வெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். நேராகப் பாலைத் திணை. அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ (2024): சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டு போகிறது. பின்னணி இசை கிடையாது, ஆட்டோ இரைச்சல்தான். அந்தப் பெண்ணாக வரும் மலையாள நடிகை அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யும் (2018) வேண்டும் என்று கம்பத்திலிருந்து வரும் நண்பர் சண்டை போடுவார். ஏலக்காய் மூட்டை சுமந்து மலை தாண்டுகிறவர்களின் படம். பயணம் அதில் கதை இல்லை, தினசரி வேலை. அதனால் சேர்க்கவில்லை, சண்டை தொடர்கிறது.

ஐரோப்பாவில் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால்?

விம் வெண்டர்ஸின் ‘கிங்ஸ் ஆஃப் தி ரோடு’ (1976). மேற்கு ஜெர்மனிக்கும் கிழக்கு ஜெர்மனிக்கும் நடுவிலிருந்த எல்லையை ஒட்டி, ஊர் ஊராக லாரியில் போய் சினிமாக் கொட்டகை புரொஜக்டர்களை ரிப்பேர் செய்கிறவர் புரூனோ. ஒரு நாள் காலை அவர் லாரியில் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது, ஓர் ஆள் காரை வேகமாக ஓட்டிவந்து நேராக எல்ப் நதியில் இறக்குகிறார். மூழ்கும் காரிலிருந்து பெட்டியோடு ஏறிவந்து லாரியில் சேர்ந்துகொள்கிறார். முழுத் திரைக்கதை இல்லாமல், வழியை முதலில் முடிவு செய்துவிட்டு எடுத்த படம். கறுப்பு வெள்ளை, ஒளிப்பதிவு ராபி முல்லர். மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். மெதுவாகத்தான் போகும்.

முன்பு இந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர் அன்று வந்திருந்தார். கொட்டகை இப்போது கல்யாண மண்டபம். புரூனோ புரொஜக்டருக்குள் கைவிடும் காட்சியில் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பின்னால் இருந்தவர்கள் “அண்ணே, மறைக்குது” என்றார்கள். நகரவில்லை. கடைசியில் எல்லையில் கைவிடப்பட்ட ஒரு காவல் குடிசையில் இருவரும் ராத்தங்குவார்கள். எங்கள் வரிச் சாவடி கட்டிடங்கள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடிசையை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாட்டு வந்தால் ரோடு மூவி கெட்டுவிடுமா?

கெடாது. ‘ஈஸி ரைடர்’ முழுக்க ராக் பாட்டுதான். வண்டியை நிறுத்திவிட்டு சுவிட்சர்லாந்து போனால்தான் சிக்கல்.

இந்த எல்லையில் ஒரு ரோடு மூவி எடுத்தால் எங்கே காமிரா வைப்பீர்கள்?

பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகும் 544ஆம் எண் நெடுஞ்சாலையில், பழைய 47ல், குதிரான் ஏற்றத்தில். அங்கே சாஸ்தா கோயிலைத் தாண்டும்போது டிரைவர்கள் வண்டியிலிருந்தே காசு வீசுவார்கள். 2021ல் சுரங்கப்பாதை திறந்தது. இப்போது கோயில் மேலே, வண்டி கீழே. சித்தப்பா கடைசியாக அந்த வழியில் போனபோது சுரங்கத்துக்கு முன்னால் கண்ணாடியை இறக்கி, காசைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எங்கே போடுவது என்று தெரியவில்லை. அப்புறம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதல் ஷாட் அதுதான்.

சரி, படம் முடிந்து வீட்டுக்குப் போக பஸ் இருக்குமா?

பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர்களுக்குச் சிரமம்தான். அதனால் நீளமான படங்களை மதியம் இரண்டு மணிக்கே தொடங்குகிறோம். பைக்கில் வருகிறவர்கள் பின் சீட் காலியாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்; யாரை எங்கே இறக்குவது என்று டீ நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.